இன்ஜின் ஆயிலில் கூலண்ட் கலக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் இறங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்ததுமே பலர் நேராக ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) கழற்றப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது வெறும் ஈரம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, இன்ஜினுக்குள் குளிர்ச்சியாக இருக்கும் இடமாகப் பார்த்துப் படியும். அந்த இடம் பல வண்டிகளில் ஆயில் மூடியின் அடிப்பக்கம். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில், அதுவும் குளிர்காலத்தில், இது சகஜம். ஆயில் நன்றாகச் சூடாகவே இல்லை என்றால் அந்த ஈரம் எப்படி வெளியேறும்?

மூடியைத் துடைத்துவிடுங்கள். கூலண்ட் அளவு சரியாக இருந்து, டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) கோளாறு தெரியாவிட்டால், அரைமணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடும்படி ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அந்தக் கவலை முடிந்தது. திரும்பத் திரும்ப வந்தால் கிராங்க்கேஸ் (இன்ஜினின் கீழ்ப்பகுதி) காற்று வெளியேறும் வால்வும் அதன் குழாயும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படியானால் உண்மையான அடையாளம் எது?

டிப்ஸ்டிக். மூடியில் இருப்பது ஆவி படிந்த இடம், டிப்ஸ்டிக்கில் ஒட்டி வருவது சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இருக்கும் ஆயில். அது பால் விட்ட காபி போல் கலங்கியிருந்தால் விஷயம் பெரியது.

ஆனால் ஆரம்ப நிலையில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதனால் நான்கையும் சேர்த்துப் பாருங்கள்: வெளியே எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறைகிறதா, ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறதா, டிப்ஸ்டிக்கில் குட்டிக் குட்டி நீர்த்துளிகள் அல்லது கலங்கல் தெரிகிறதா, கூலண்ட் டேங்கின் சுவரில் ஆயில் பசை ஒட்டியிருக்கிறதா. முதல் இரண்டும் ஒன்றாக நடந்தால் மற்ற இரண்டும் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆயில் அளவு ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளில், வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க அதிகமாகத் தெளிக்கப்படும் டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கிவிடும். அந்த ஆயில் நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும், ஆனால் கலங்காது. கூலண்ட் அளவும் குறையாது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. கூலண்ட் மட்டும் குறைகிறது. ஆயிலில் கலந்திருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. கூலண்ட் ஆயிலைவிடக் கனமானது. வண்டி நின்ற பிறகு உள்ளே இறங்கியது சம்ப்பின் அடிக்குப் போய்த் தங்கிவிடும், டிப்ஸ்டிக்கின் நுனி அந்த அளவுக்கு எட்டாது.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை இதுதான். வண்டியை இரவு முழுக்க சமதளத்தில் நிறுத்திவையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், சுத்தமான கண்ணாடி ஜாடி ஒன்றை அடியில் பிடித்துக்கொண்டு சம்ப்பின் ட்ரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். கடைசிப் புரியில் இருக்கும்போதே விரலால் உள்நோக்கி அழுத்திப் பிடித்து, ஒரு துளி ஒரு துளியாகக் கசியவிடுங்கள். ஆயில் வருவதற்கு முன் பச்சையோ சிவப்போ நீலமோ, உங்கள் கூலண்ட் என்ன நிறமோ அந்த நிறத்தில் கொஞ்சம் தண்ணீராக வந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம், கலந்திருக்கிறது. நிறமில்லாத துளி ஒன்றிரண்டு வந்தால் அது ஈரமாகவும் இருக்கலாம். போல்ட்டை இறுக்கிவிட்டு ஜாடியை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் என்ன படிகிறது என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: முந்தின நாள் வரை வண்டி ஓடியிருந்தால் கூலண்ட் ஏற்கெனவே ஆயிலோடு அடிபட்டுக் கலந்திருக்கும், தனியாகப் பிரிந்து வராது. அடியில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

ஆயிலிலும் இல்லை என்றால், கூலண்ட் வேறு வழியாகப் போகிறது. சூடான பாகத்தில் கசிந்து சொட்டுவதற்குள் ஆவியாகலாம். காருக்குள் இருக்கும் ஹீட்டரில் கசிந்து தரைவிரிப்புக்கு அடியில் தேங்கலாம். டீசல் வண்டியில் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) ஓட்டையாகிப் புகையோடு போகலாம். அல்லது சிலிண்டருக்குள் இறங்கி எரியலாம். அப்போது சூடான பிறகும் நிற்காத வெண்புகையும் ஒரு இனிப்பு வாடையும் வரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும்.

காரணம் தெரியும்வரை மெதுவாக ஓட்டிக்கொள்ளலாமா?

கூடாது. பட்டறைக்குக் கூட இழுத்துக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும்.

கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது முடியைவிட மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம்தான் முழு பாரத்தையும் தாங்குகிறது. தண்ணீர் கலந்த ஆயிலால் அது முடியாது. தண்ணீரையாவது சூடு ஓரளவு வெளியேற்றிவிடும். கூலண்டில் உள்ள கிளைக்கால் அப்படிப் போகாது. அது ஆயிலில் உள்ள சேர்மானங்களோடு சேர்ந்து கூழாகிறது, சூட்டில் சிதைந்து அமிலமாகிறது, பேரிங் உலோகத்தை அரிக்கிறது, ஆயில் ஃபில்டரை அடைக்கிறது. ஃபில்டர் அடைத்தால் அதன் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே சுற்றத் தொடங்கும். ஒரு கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க் வரை போவது இப்படித்தான்.

சிலிண்டருக்குள் கூலண்ட் நிறைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரைக்கூடத் தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கூலண்ட் எந்தெந்த வழியாக ஆயிலுக்குள் போக முடியும்?

எல்லாரும் முதலில் சொல்வது ஹெட் கேஸ்கெட். அதில் கூலண்ட் துளைகளும் ஆயில் துளைகளும் அருகருகே இருக்கின்றன, நடுவில் உள்ள பகுதி அரித்துப்போனால் இரண்டும் சேரும். குறிப்பாக ஒருமுறை நன்றாகச் சூடேறி நின்ற வண்டி என்றால் சந்தேகம் அந்தப் பக்கம் போவது நியாயம்தான்.

ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆயில் கூலரை. பல இன்ஜின்களில் ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் அடுக்கடுக்கான தகடுகளோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஒரு அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலண்ட், நடுவில் மெல்லிய உலோகத் தகடு மட்டும். ஒரு தகட்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும். நிறைய வண்டிகளில் இதைக் கழற்றுவது ஹெட்டைக் கழற்றுவதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. சூடேறிய வரலாறே இல்லாமல் திடீரென்று கலந்த வண்டியில் இதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்குவது வீண் செலவுக்கு வழி.

அப்புறம் டைமிங் கவர், அதாவது வால்வுகளை இயக்கும் செயினை மூடும் உறை. சில இன்ஜின்களில் கூலண்ட் பாதை அதன் வழியே போகும். உள்ளே டைமிங் செயினால் சுழலும் வாட்டர் பம்ப் உள்ள இன்ஜின்களும் உண்டு. அந்தப் பம்பின் சீல் தேய்ந்து, கசிவு வெளியேறும் துளையும் சமாளிக்க முடியாமல் போனால் கூலண்ட் நேராக சம்ப்புக்குத்தான் இறங்கும். வி வடிவ இன்ஜின்கள் சிலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) கேஸ்கெட்டும் ஒரு வழி.

லாரி, டிராக்டர் போன்ற கனரக டீசல் இன்ஜின்களில் கணக்கே வேறு. அங்கே சிலிண்டர் லைனரை (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய்) சுற்றி நேரடியாகக் கூலண்ட் நிற்கும், அதைக் கீழே தடுத்து நிறுத்துவது ரப்பர் ஓ-ரிங்குகள். அவை இறுகிப்போனால் கூலண்ட் சொட்டுச் சொட்டாக சம்ப்பில் விழும். சரியான கூலண்ட் சேர்மானம் இல்லாமல் ஓட்டினால் லைனரின் வெளிச்சுவரிலேயே குழிகள் விழுந்து கடைசியில் ஓட்டையாகிவிடும். லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதிர்கிறது, அந்த அதிர்வில் கூலண்டில் உண்டாகும் நுண்குமிழிகள் சுவரில் மோதி உடையும்போது உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்கிறது.

ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் என்பது கடைசியாக வரும். கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி அது உறைந்துபோன வண்டி என்றால் வரிசையில் முன்னே வரும்.

கூலண்ட் டேங்கில் ஆயில் மிதக்கிறது, ஆனால் டிப்ஸ்டிக் சுத்தம். இது எப்படி?

அழுத்தக் கணக்குதான். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 3 முதல் 5 பார் வரை போகும், கூலண்ட் அழுத்தம் சுமார் 1 பார், மிஞ்சினால் ஒன்றரை. நடுவில் ஓட்டை இருந்தால் ஓடும் நேரத்தில் ஆயில்தான் கூலண்டுக்குள் தள்ளப்படும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், ஆனால் சூடான கூலண்ட் இன்னும் அழுத்தத்தில்தான் இருக்கும். அப்போது அது எதிர்த்திசையில் ஆயிலுக்குள் வரும்.

ஆகவே டேங்கில் நிறைய ஆயில், சம்ப்பில் கொஞ்சமாகவோ இல்லாமலோ கூலண்ட் என்றால், அழுத்தத்தோடு ஆயில் ஓடும் பாதைக்குப் பக்கத்தில்தான் ஓட்டை. அதாவது ஆயில் கூலர், அல்லது ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையை ஒட்டிய கேஸ்கெட். மாறாக சம்ப்பில் மட்டும் கூலண்ட் இருந்து டேங்க் சுத்தமாக இருந்தால், ஆயில் அழுத்தமில்லாமல் வழிந்து இறங்கும் இடம் ஒன்றில் கசிகிறது. டைமிங் கவர், வாட்டர் பம்ப், லைனர் ஓ-ரிங் எல்லாம் இந்த வகை. நூறு சதவீதம் துல்லியமான விதி அல்ல. ஆனால் எதை முதலில் கழற்றுவது என்று முடிவெடுக்க இது போதும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் இன்னொன்று: கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. டேங்கில் இளஞ்சிவப்பாகக் கலங்கல் தெரிந்தால் இன்ஜினை விட்டுவிட்டு முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள்.

கூலண்ட் பாதையில் கசிவைத் தேடும் பிரஷர் டெஸ்ட் எப்படிச் செய்வது?

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீச்சும். மூடியின் மேலேயே அதன் அழுத்தம் எழுதியிருக்கும், 0.9, 1.1, 1.4 என்று பாரிலோ 88, 108 என்று கிலோபாஸ்கலிலோ. மூடி இருந்த இடத்தில், அழுத்தம் காட்டும் முள் உள்ள கைப்பம்பைப் பொருத்தி அந்த அளவு வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸும் போகும்.

பிறகு விட்டுவிடுங்கள். கால்மணி நேரம் முள் அசையாமல் நின்றால் பெரிய கசிவு இல்லை. இறங்கினால் முதலில் வெளியே தேடுங்கள்: ஹோஸ் இணைப்பு, ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்புக்கு அடியில், காருக்குள் ஹீட்டர் பக்கம். வெளியே ஈரமே இல்லாமல் முள் இறங்கிக்கொண்டே போனால் கசிவு உள்ளேதான். ஆயிலை வடித்துவிட்டு, ட்ரெயின் போல்ட்டைத் திறந்தே வைத்து, அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு அழுத்தத்தை இரவு முழுக்க நிலையாக வைத்தால், மெல்லிய கசிவும் காலையில் அட்டையில் தெரியும். சம்ப்பையே இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. கீழிருந்து விளக்கடித்துப் பார்த்தால் எந்த லைனர் ஓரத்திலிருந்து, அல்லது டைமிங் பக்கத்திலிருந்து சொட்டுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சில கசிவுகள் குளிர்ந்திருக்கும்போது மட்டும், சில சூட்டில் மட்டும் தெரியும். குளிரில் ஒன்றும் தெரியாவிட்டால், பம்பைப் பொருத்திய நிலையிலேயே இன்ஜினை மிதமாகச் சூடாக்கி இன்னொரு முறை பார்க்கலாம். ஆயில் ஏற்கெனவே கலங்கியிருந்தால் அதை மாற்றாமல் இப்படி ஓட்டக் கூடாது.

நீலத் திரவச் சோதனையில் நிறம் மாறவில்லை. கேஸ்கெட் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை. அந்தச் சோதனை பார்ப்பது வேறொன்றை. கூலண்டின் மேல் இருக்கும் காற்றைத் திரவத்தின் வழியே இழுத்து, அதில் எரிந்த வாயுவின் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். சிலிண்டருக்கும் கூலண்டுக்கும் நடுவே ஓட்டை இருந்தால்தான் அது காட்டும். கூலண்ட் துளைக்கும் ஆயில் துளைக்கும் நடுவே மட்டும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் திரவம் நீலமாகவே இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்கும் இதே கதி. எல்லா சிலிண்டரும் அருமையாக அளவு காட்டும், ஆயில் மட்டும் கலங்கிக்கொண்டே இருக்கும்.

நிறம் மாறினால் அது உறுதியான சான்று. மாறாவிட்டால் ஆயில் பக்கக் கசிவைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

சூடான தட்டில் ஒரு சொட்டு ஆயில் விட்டுப் பார்த்தால் தெரியுமாமே?

தண்ணீர் இருக்கிறதா என்பது தெரியும். சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள தட்டில், நன்றாகக் குலுக்கிய ஆயிலை ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் இருந்தால் குமிழி கிளம்பிப் படபடக்கும். ஆனால் அது கூலண்டா, படிந்த ஈரமா என்று பிரித்துச் சொல்லாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நெருப்புச் சுடர் இல்லாத மின்தட்டில் மட்டும் செய்யுங்கள்.

ஆய்வகத்துக்கு ஆயில் அனுப்பினால் பயன் உண்டா? அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

சந்தேகம் லேசாக இருக்கும் கட்டத்தில் இதைப்போல் பயன்தரும் சோதனை வேறில்லை. தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தாலும் கூலண்டில் இருந்த உப்புகள் ஆயிலில் தங்கிவிடும். சோடியம், பொட்டாசியம் இரண்டும் முந்தைய அறிக்கையைவிட ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கூலண்ட் வகையைப் பொறுத்து போரானோ சிலிக்கானோ கூட ஏறலாம். அவற்றோடு ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். செம்பு மட்டும் தனியாக ஏறினால் அது ஆயில் கூலரிலிருந்தும் வரலாம்.

புது இன்ஜின் அறிக்கையில் பொட்டாசியம் மட்டும் ஏறி சோடியம் அப்படியே இருந்தால் பதற வேண்டாம். அலுமினிய இன்டர்கூலரை (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பற்றவைக்கப் பயன்படுத்திய பூச்சின் மிச்சத்திலிருந்தும் பொட்டாசியம் வரும், அலுமினியமும் கூடவே ஏறியிருக்கும். சில ஆயில்களில் சோடியமே சேர்மானமாக இருக்கும். எனவே புதிய, திறக்காத ஆயிலின் அளவோடும் ஒப்பிடுங்கள்.

ஆயில் கூலர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

கழற்றி, ஆயில் பக்கத் துளைகளில் ஒன்றை அடைத்து மற்றொன்றில் காற்றழுத்தம் கொடுத்து வெந்நீரில் மூழ்க வைத்துப் பாருங்கள். கூலண்ட் பக்கத்திலிருந்து குமிழி வந்தால் அதுதான். வெந்நீர் எதற்கு என்றால், சூட்டில் விரிந்தால்தான் திறக்கும் விரிசல்களும் உண்டு. ஓட்டையான கூலரைப் பற்றவைத்துப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டது. என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

கழற்றிய கேஸ்கெட்டைத் தூக்கி எறியவிடாதீர்கள். எந்த இடத்தில் கூலண்ட் துளையிலிருந்து தடம் போகிறது என்பது அதில்தான் எழுதியிருக்கும். தடமே இல்லாவிட்டால் தேடல் முடியவில்லை என்று அர்த்தம், புதுக் கேஸ்கெட்டைப் போட்டு மூடுவதில் பலனில்லை.

ஹெட், பிளாக் இரண்டின் மட்டத்தையும் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கிலும் மூலைவிட்டத்திலும் அளக்க வேண்டும். அனுமதிக்கும் வளைவு பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், சரியான எண் உங்கள் வண்டியின் பணிமனைக் கையேட்டில் உண்டு. ஹெட்டை விரிசலுக்காக அழுத்தச் சோதனைக்கு அனுப்பாமல் ஃபேசிங் (பரப்பைச் சீவி மட்டமாக்குவது) மட்டும் செய்துவிட்டுத் திரும்பப் பூட்டுவது அரைகுறை வேலை. ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகை என்றால் பழையதைத் திரும்பப் போடவே கூடாது.

கூலண்டில் ஊற்றினால் கசிவை அடைக்கும் திரவங்கள் வேலை செய்யுமா?

இந்தக் கோளாறுக்கு வேண்டாம். ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும், போதாக்குறைக்கு அந்த ஓட்டை வழியே ஆயிலுக்குள்ளும் போகும்.

கோளாறைச் சரிசெய்த பிறகு சுத்தம் செய்வது எப்படி?

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜினைச் சில நிமிடம் ஐட்லிங்கில் மட்டும் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். கலங்கல் இல்லாமல் வரும்வரை, ஒவ்வொரு முறையும் புது ஃபில்டரோடு, இதையே திரும்பச் செய்யுங்கள். இதற்கு விலை உயர்ந்த ஆயில் தேவையில்லை, தடிமன் சரியாக இருந்தால் போதும். கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுப்பான உலோகத் துகள்கள் தெரிந்தால் சம்ப்பை இறக்கி பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். ரொம்ப நாள் கலங்கிய ஆயிலோடு ஓடிய வண்டி என்றால் துகள் தெரியாவிட்டாலும் பார்ப்பது நல்லது.

கூலண்ட் பக்கம் ஆயில் போயிருந்தால் அது இதைவிடத் தொல்லை. தண்ணீரில் கரையும் பிசுக்கு நீக்கியை ஊற்றி, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கும்வரை ஓட்டி, வடித்து, மீண்டும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஆயில் ஊறிய ரப்பர் ஹோஸ் உப்பி இளகிவிடும். விரலால் அழுத்தினால் பொதபொதவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள், டேங்க் மூடியின் ரப்பரையும் சேர்த்து.

பைக்குகளிலும் இது வருமா?

திரவத்தால் குளிரும் இன்ஜின் என்றால் வரும், முதல் சந்தேகம் வாட்டர் பம்ப். பம்பின் தண்டில் கூலண்ட் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல், நடுவில் வெளியே திறக்கும் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியே சொட்டி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சேறு அடைத்தோ, ஒழுகுகிறதே என்று யாராவது பசை வைத்து அடைத்தோ இருந்தால் கூலண்டுக்கு ஆயில் பக்கம் தவிர வேறு வழியில்லை. துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள், இரண்டு சீலையும் ஒன்றாக மாற்றுங்கள்.

வடித்த ஆயிலையும் கூலண்டையும் என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதே சமயம் இனிப்பு. நாயும் பூனையும் குழந்தைகளும் ருசித்துவிடும் அபாயம் உண்டு, திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்க வேண்டாம். மூடியுள்ள கேனில் ஊற்றி, உள்ளே இருப்பது என்ன என்று மேலே எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கூலண்ட் கலந்த ஆயிலைச் சுத்தமான பழைய ஆயிலோடு சேர்த்து ஊற்றிவிடாமல், கலந்தது என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.